ஆட்டுத்தோல் பைண்டிங்கில் கிராண்ட்: பல வருடம் புழங்கிய பிறகு

நண்பர் ஒருவர் ஒரு விற்பனைப் பக்கத்தை அனுப்பிக் கேட்டிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை வெற்றிக்கு நடத்தி, பிறகு ஜனாதிபதியான ஜெனரல் கிராண்டின் நினைவுக் குறிப்புகள், 1885-86 பதிப்பு, இரண்டு தொகுதிகள், ஆட்டுத்தோல் பைண்டிங். விலையை நன்றாகக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா? அதே செட் என்னிடம் பல வருடங்களாக இருக்கிறது. முதல் தொகுதி போன வாரம்தான் பைண்டரிடமிருந்து திரும்பி வந்தது. வாங்கிய விலையைவிட அவருக்குக் கொடுத்த கூலி அதிகம். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் பிறந்த கதை அமெரிக்கப் போர் வரலாற்று நூல்களைச் சேர்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1884 மே மாதம் வால் ஸ்ட்ரீட்டில் கூட்டாளியின் மோசடியால் கிராண்டின் கம்பெனி மூழ்கியது. அடுத்து தொண்டைப் புற்றுநோய். குடும்பத்தைக் கடனில் விட்டுப் போகக் கூடாது என்று எழுதத் தொடங்கினார். எழுத்தாளர் மார்க் ட்வைன் தன்னுடைய சார்லஸ் எல். வெப்ஸ்டர் கம்பெனி வழியாக அதை வெளியிட்டார். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, கிராண்ட் இறந்துபோனார். இதற்கு மேல் உள்ளடக்கத்துக்கு அறிமுகம் வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்தத் தோலைப் பற்றி.

இந்தத் தோல் உதிர்கிறது. எடுத்தாலும் உதிர்கிறது, எடுக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உதிர்கிறது. செங்கல் பொடி நிறத்தில் ஒரு தூள் விரல் இடுக்கில் ஏறும், சட்டைக் கையில் ஒட்டும், பக்கத்தில் நிற்கிற புத்தகத்தின் அட்டையில் படியும். கை கழுவிவிட்டுத்தான் இந்தப் புத்தகத்தைத் தொடுகிறேன், தொட்ட பிறகும் கழுவுகிறேன். வெள்ளை மேசை விரிப்பில் வைத்துப் படிக்க முடியாது. படுக்கையில் வைத்துப் படிப்பது என்ற பேச்சே இல்லை. கிராண்டின் எழுத்தோ படுத்துக்கொண்டு நூறு பக்கம் ஓடவேண்டிய எழுத்து. அவ்வளவு சுத்தம், அவ்வளவு வேகம். அதை மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடியில் ஒரு துணி விரித்துத்தான் படிக்க வேண்டும் என்றால் எரிச்சல் வருமா வராதா?

காரணம் புரியாமல் திட்டக்கூடாது என்று இதைப் பற்றி நிறையப் படித்தேன். ஆட்டுத்தோல், அதாவது செம்மறியின் தோல், இயல்பிலேயே பலவீனமானது. மேல் படலத்துக்கும் கீழே உள்ள நார்ப்பகுதிக்கும் நடுவில் கொழுப்பு நிறைந்த ஓர் அடுக்கு இருக்கும். பதனிடும்போது அந்தக் கொழுப்பு போய்விடும், இரண்டு அடுக்குக்கும் பிடிமானம் குறையும். நாளாக ஆக மேல் படலம் தோல் உரிவதுபோல் தனியாகக் கழன்றுவரும். இது ஒன்று. இரண்டாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரப்பட்டைச் சாறுகளைக் கொண்டு அவசரமாகப் பதனிட்ட தோல்கள் காற்றில் இருக்கிற கந்தக டையாக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறி நாரை அரித்துத் தின்னும். நிலக்கரியும் விளக்கு வாயுவும் எரிந்த காலத்து வீடுகளில் இந்தப் புத்தகங்கள் எத்தனை வருடம் நின்றிருக்கும், யோசித்துப் பாருங்கள். செந்தூள் நோய் என்று நான் இதைச் சொல்வேன். வந்தால் வந்ததுதான், திருப்ப முடியாது.

திருப்ப முடியாவிட்டாலும் கட்டுப்படுத்தலாம். க்ளூசெல் ஜி என்று ஒரு செல்லுலோஸ் பொடி இருக்கிறது. அதை ஆல்கஹாலில் கரைத்து மெல்லிய பிரஷ்ஷால் தடவினால் தூள் கட்டுப்பட்டு நிற்கும். தண்ணீரில் கரைத்துத் தடவக்கூடாது, அழுகிய தோலில் தண்ணீர் பட்டால் கறுத்துச் சுருங்கிவிடும். பழைய வழிகாட்டிகளில் சொல்லியிருக்கிற எண்ணெய்ப் பூச்சும் வேண்டாம். இரண்டு நாள் பளபளப்பு தரும், பிறகு பிசுக்கு பிடித்து தூசியை இழுக்கும், அமிலம் உள்ளே அப்படியே இருக்கும். நான் க்ளூசெல் போட்டேன். கையில் ஒட்டுவது பெருமளவு நின்றது. ஆனால் அட்டையும் முதுகும் சேரும் இடம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மடங்குகிற இடம், அதை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. முதல் தொகுதியின் முன்னட்டை ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் அதுவும் விட்டுப்போனது. பைண்டர் புது முதுகு போட்டு, பழைய முதுகின் பெயர்ப்பட்டைகளை அதன்மேல் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அருமையான வேலை. இரண்டாம் தொகுதி இப்போது அதே நிலையை நெருங்குகிறது.

ஆட்டுத்தோலில் எதற்கு போட்டார்கள் என்றால், இது கடையில் விற்ற புத்தகம் இல்லை. ஏஜென்டுகள் வீடு வீடாகப் போய் முன்பதிவு பிடித்து விற்றார்கள். அவர்களில் பலர் வடக்குப் படையில் இருந்த பழைய சிப்பாய்கள். துணி பைண்டிங் மலிவு, அதற்கு ஒரு படி மேல் ஆட்டுத்தோல், அதற்கு மேல் மொரோக்கோ, அதாவது உயர்ரக வெள்ளாட்டுத்தோல் வகைகள். வரவேற்பறையில் கனமாகத் தெரியவேண்டும், ஆனால் மொரோக்கோவுக்குக் காசு இல்லை என்கிற குடும்பம் ஆட்டுத்தோலை எடுத்தது. ஜெனரலின் மனைவிக்கு உதவியாக இருக்கட்டும் என்று சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். கூடுதல் காசு கொடுத்த அவர்களுக்குக் கிடைத்ததுதான் முதலில் அழிகிற பைண்டிங். இந்த அநியாயம் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. மலிவான பச்சைத் துணி, முன்னட்டையில் தங்க நிறப் பதக்கத்தோடு, இன்றைக்கும் திடமாக நிற்கிறது.

இன்னொரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் அனுப்பிய விவரத்தில் ‘அரிய முதல் பதிப்பு’ என்று போட்டிருக்கிறது. இந்தச் செட் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் கிராண்டின் மனைவி ஜூலியாவுக்கு ட்வைன் கொடுத்த முதல் காசோலையே 2 லட்சம் டாலர். அமெரிக்காவில் பழைய பரண் உள்ள ஊரில் எல்லாம் இது கிடைக்கும். அரிது என்றால் நல்ல நிலையில் உள்ள உயர்ரகத் தோல் செட் அரிது, யாருடையது என்று நிரூபிக்கக்கூடிய பழைய சிப்பாயின் கையெழுத்துள்ள செட் அரிது. அட்டை கழன்ற ஆட்டுத்தோல் செட்டை அரிது என்று சொல்லி விற்பது, புதிதாகச் சேர்க்க வருகிறவர்களை ஏமாற்றுவது. எனக்கு விற்றவரும் இதையேதான் சொன்னார். தூள் உதிரும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். உள்ளே இருக்கிற தாள் இன்னும் நன்றாக இருக்கிறது. 1880-இலிருந்து 1901 வரை அரசு அச்சகம் வெளியிட்ட உள்நாட்டுப் போரின் அதிகாரபூர்வ ஆவணங்கள், 128 புத்தகங்கள், அதில் சில என்னிடம் உண்டு. பக்கத்தைத் திருப்பினால் ஓரம் உடைகிறது. கிராண்டின் பக்கங்கள் அப்படி இல்லை, வளைந்து கொடுக்கின்றன. எழுத்து பெரியது, வரி இடைவெளி தாராளம், கண் வலிப்பதில்லை. எஃகுத்தகட்டில் செதுக்கிய படங்கள் மிக நேர்த்தி. இருபத்தொரு வயதில் கிராண்ட் இருந்த படத்தைப் பார்த்தால் பின்னாளில் தெற்கின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க்கைப் பிடிக்கப்போகிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்போமாட்டாக்ஸில் தெற்குத் தளபதி லீ கிராண்டிடம் சரணடைந்த மக்லீன் வீட்டின் படம் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அந்த வீட்டை 1893-இல் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகமாக வைக்கிறோம் என்று பிரித்துப் போட்டார்கள். கொண்டுபோகவும் இல்லை. இப்போது அங்கே நிற்பது 1940-களில் திரும்பக் கட்டியது. புத்தகத்தில் உள்ளதோ பிரிப்பதற்கு முன்பே அச்சான படம்.

ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கையெழுத்து நகல்கள், அதாவது மூலக் கடிதங்களைக் கையால் எழுதியபடியே அச்சிட்ட பக்கங்கள். சாதாரண மறுபதிப்புகளில் இவை இருக்காது, இருந்தாலும் சுருங்கி மங்கிப்போய் இருக்கும். முதல் தொகுதியில் டோனல்சன் கோட்டைக் கடிதங்கள் உண்டு. 1862 பிப்ரவரி 16, தெற்குத் தளபதி பக்னர் நிபந்தனை கேட்டு எழுதுகிறார், நிபந்தனையற்ற உடனடிச் சரணடைவு தவிர வேறு எதையும் ஏற்கமுடியாது என்று கிராண்ட் பதில் எழுதுகிறார். அந்தப் பதிலின் கையெழுத்தில் ஒரு தயக்கமும் இல்லை. அதே பக்னர் 1885-இல் மரணப்படுக்கையில் இருந்த கிராண்டை மவுண்ட் மக்ரெகரில் வந்து பார்த்தார், பிறகு சவ ஊர்வலத்திலும் மரியாதைப் பொறுப்பில் நடந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தால் மனசு கனத்துப்போகிறது.

இரண்டாம் தொகுதியில் 1865 ஏப்ரல் 9 சரணடைவு நிபந்தனைகளின் நகல். பேனாவைத் தாளில் வைத்தபோது முதல் வார்த்தை என்ன எழுதப்போகிறேன் என்றே தெரியவில்லை என்று கிராண்ட் எழுதுகிறார். எழுதிக்கொண்டே போகும்போதுதான் சரணடைகிற அதிகாரிகளின் சொந்தக் குதிரைகளும் உடைமைகளும் அவர்களுக்கு முக்கியம், நமக்கு எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம் வருகிறது. இடுப்பு ஆயுதத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொல்வது தேவையில்லாத அவமானம் என்றும் தோன்றுகிறது. உடனே அவற்றுக்கெல்லாம் விலக்குக் கொடுத்து ஒரு வரி சேர்க்கிறார். நகலில் அந்த வரியும், வரிகளுக்கு நடுவில் நுழைத்த சொற்களும் தெரிகின்றன. போர் முடிகிற நேரத்தில் ஒரு மனிதர் யோசித்து யோசித்து எழுதியதைக் கண்ணால் பார்க்கிறோம். இதற்காகவே நான் இந்தத் தொகுதியை அடிக்கடி திறக்கிறேன். திறக்கத் திறக்க அட்டை பலவீனமாகிறது. புத்தகத்தில் எதை நான் மிகவும் விரும்புகிறேனோ அதுவே அதைக் கொல்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஒப்பிட்டுச் சொன்னால், ராணுவமே வெளியிட்ட இரண்டாம் உலகப் போர் வரலாறு, பச்சை அட்டைத் தொகுதிகள், 1940-களின் பிற்பகுதியிலிருந்து வந்தவை, அவற்றோடு எனக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நூலகத்திலிருந்து கழித்துவிட்ட பிரதி என்றால் பின்னால் உள்ள மடக்கு வரைபடங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினால் போதும். அடுத்த தலைமுறைக்கும் தாங்கும். ஆனால் அவற்றை நான் தேவைக்குத்தான் எடுக்கிறேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். விலை குறைந்தாலும் வேண்டாம். வெறும் வாசிப்புக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2017-இல் ஜான் மார்ஸலெக் தலைமையில் கொண்டுவந்த குறிப்புகளோடு கூடிய பதிப்பு போதும், அது எல்லா வகையிலும் மேல். பழைய பிரதிதான் வேண்டும் என்றால் பச்சைத் துணி பைண்டிங் வரும்வரை காத்திருங்கள், கண்டிப்பாக வரும். நான் இரண்டாம் தொகுதியையும் பைண்டரிடம் கொடுக்கப்போகிறேன், அதற்கும் கூலி அதே அளவுதான் ஆகும். யாராவது துணி செட் ஒன்றை இலவசமாகவே கொடுத்தாலும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

துணி செட் பார்க்கும்போது இரண்டாம் தொகுதியின் கடைசியில் உள்ள பெரிய மடக்கு வரைபடத்தை முழுக்க விரித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மடிப்புகள் கிழியாமல் இருக்கிற பிரதிகள் குறைவு, அதை விவரத்தில் யாரும் எழுதுவதில்லை. கையெழுத்து நகல்கள் இருக்கின்றனவா என்றும் தனியாகக் கேளுங்கள். சரணடைவு நகலைப் பிரித்தெடுத்து சட்டம் போட்டு மாட்டியவர்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட ஒரு செட்டை நான் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்ப வைத்திருக்கிறேன்.