ஆன்மிகத் துணையாளர் பயிற்சி: ஆறு வார அனுபவம்

முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். நோயாளிகளையும் தனித்து வாழும் முதியவர்களையும் போய்ப் பார்க்க ஒரு தன்னார்வக் குழு தொடங்கலாம் என்று ஏழு பேர் கூடினோம். அதற்காகவே இந்தப் பயிற்சியில் சேர்ந்தோம்.

முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்கள்: நோயாளி கேட்காமல் பிரார்த்தனை கூடாது. அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், மதமே வேண்டாம் என்பவராக இருந்தாலும், அவர் போக்கிலேயே பேச வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் சொன்னால் மட்டும் அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாம் சரியான பாடம்.

பயிற்சியின் உயிர்நாடி உரையாடல் பதிவு. அமெரிக்காவின் வூஸ்டர் மாநில மருத்துவமனையில் 1925-இல், அங்கு நோயாளிகளுக்கான போதகராக இருந்த ஆன்டன் பாய்சன், இறையியல் மாணவர்களை நோயாளிகளிடமே கற்கச் செய்தார். அந்த மரபில் வளர்ந்த முறை இது. பேசிவிட்டு வந்ததும் இருவர் பேச்சையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும்.

என் தாளில் ஒரு பெரியவர், “இனி வீடு திரும்ப மாட்டேன் போலிருக்கிறதம்மா” என்கிறார். நான், “அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் ஐயா, சரியாகிவிடும்” என்கிறேன். பயிற்சியாளர் கேட்டது ஒன்றுதான்: “அடுத்து அவர் என்ன சொன்னார்?” பார்த்தேன். சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் அதே ஆறுதலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே தயங்காமல் சேரலாம்.

குறை பெரிது. குழுவை நடத்துவது பற்றிக் கடைசி நாளில் அரைமணி நேரம்தான் பேசினார்கள். யார் எப்போது போவது, ஒருவர் விலகினால் என்ன செய்வது, நாம் பார்த்துவந்தவர் இறந்துவிட்டால் துணையாளரை யார் தேற்றுவது? எதுவும் இல்லை. எங்கள் குழுவில் இரண்டாம் மாதமே ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டார். அவருக்காக ஒரு பாட்டி மூன்று புதன்கிழமைகள் தலைவாரிப் பொட்டு வைத்துக் காத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு முதியவருக்கும் இரண்டு பேர். விலகுபவர் புதியவரை அழைத்துப்போய் அறிமுகம் செய்து, விடைபெற்று வர வேண்டும்.

சேர நினைப்பவர்கள் தனியாகப் போகாமல் குழுவாகவே சேருங்கள். பயிற்சி நடத்துபவர்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அடுத்த முறை அந்த அரைமணி நேரம் ஒரு முழு நாளாக வேண்டும்.