கார் கண்ணாடி ‘வெயிலுக்கு வெடிச்சது’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கிட்டடியில் கதவு ஷட்டர் (ஏறி இறங்கும் கண்ணாடி) திருத்தியவர்களுக்கு இதை எழுதுகிறேன். சும்மா நிறுத்தி வைத்த காரின் கதவுக் கண்ணாடி வெடித்துக் கொட்டி, கராஜ்காரர் ‘கச்சான் வெயில், அதுதான்’ (கச்சான் என்பது எங்கள் பக்கத்து வறண்ட தென்மேற்குக் காற்று) என்று சொன்னால் உடனே காசை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கதவுக்குள் கடைசியாகக் கை வைத்தது யார் என்று முதலில் கேளுங்கள். எனக்கு வெயில் கதை சொன்னவர், கை வைத்த அதே ஆள்தான்.

என்னுடையது ஜப்பானில் ஓடி இங்கே வந்த சின்னக் கார். சாரதிப் பக்கத்து ஷட்டர் ஏறும்போது திணறிக்கொண்டே இருந்தது. கடலோரத்தில் ஓடும் வாகனத்துக்கு உப்புக் காற்றால் இப்படி வருவது வழக்கம் என்றார்கள். நகருக்குள் பெயருள்ள ஒரு கராஜில் விட்டேன். ஷட்டர் மெஷின், அதாவது கதவுக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் பகுதி, போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று போட வேண்டும் என்று போட்டுத் தந்தார்கள். பில்லைக் கேட்டு வாங்கினேன். ‘ஷட்டர் ரிப்பெயர்’ என்று ஒரே வரியில் தொகை எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

வேலை முடிந்து வந்த நாளிலிருந்தே கண்ணாடி முழுதாக ஏறி முடியும்போது கதவுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னேன். அங்கிருந்த பொடியன் ஷட்டர் ரப்பருக்குள் ஏதோ ஸ்பிரே அடித்து, “இனி வராது மிஸ்” என்றான். வந்தது. புது மெஷின் பழக வேண்டும் என்று முதலாளி சொன்னார். (மெஷினுக்கு என்ன பழக்கம் என்று அப்போதே கேட்டேன், சிரித்தார்.)

அப்புறம் ஒரு மத்தியானம், உட்துறைமுக வீதிப் பக்கம் அலுவலகத்துக்கு வெளியே கார் நிற்கிறது. செக்யூரிட்டி ஐயா ஓடி வந்து, “மிஸ், உங்கட கார்க் கண்ணாடி வெடிச்சிட்டுது, பட்டாசு மாதிரிச் சத்தம்” என்றார். போய்ப் பார்த்தால் கல் இல்லை, பந்து இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. கண்ணாடியில் டின்ட், அதாவது வெயில் மறைக்கும் தாள், ஒட்டியிருந்ததால் முழுதாகக் கொட்டவில்லை. வெள்ளையாக வெடித்த கண்ணாடி, அந்தத் தாளோடு ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகப் பிதுங்கித் தொங்கியது. கீழே சீட்டிலும் தார் வீதியிலும் கற்கண்டு போலத் துகள்கள்.

கூடினவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். குரங்கு என்றார் ஒருவர். மான் முட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். எங்கள் ஊரில் மான்கள் பஸ் நிலையம் வரைக்கும் வந்து குப்பை தின்பதால் எதற்கும் அதுகளின் தலையில் பழி போடலாம். வீட்டுக்கு வந்தால் அம்மா கண்ணூறு என்று தேசிக்காய் வெட்டினார். இதெல்லாம் காசு கேட்காத விளக்கங்கள், விட்டுவிடலாம்.

காசு கேட்ட விளக்கம் கராஜில் கிடைத்தது. முதலாளி கதவைத் திறக்கவும் இல்லை, உள் அட்டையைக் கழற்றவும் இல்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு என் கணவரிடம், “தம்பி, இது வெயிலுக்கு வெடிச்சது. கச்சான் காத்து தொடங்கினா இப்பிடி ரெண்டு மூண்டு வரும்” என்றார். கார் என்னுடையது, ஓட்டுவது நான், வேலைக்குக் கொடுத்ததும் நான். ஆனாலும் பேச்சு கணவரோடுதான். அந்த ‘டக்’ சத்தத்தைப் பற்றி நான் கேட்டபோது, “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தங்கச்சி” என்று ஒரே வெட்டு. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து புத்தம் புதுக் கண்ணாடி எடுப்பித்துத் தருவதாகச் சொல்லிக் கண்ணாடிக்கு 38,000 ரூபா, கூலிக்கு 4,500 ரூபா வாங்கினார். பில்லில் ‘புதிய கண்ணாடி’ என்று எழுதச் சொன்னேன். முகம் சுளித்தாலும் எழுதினார். இந்த இரண்டு சொல் பிறகு எனக்கு எவ்வளவு உதவியது என்று கீழே வருகிறது.

கார் கைக்கு வந்து உப்புவெளிப் பக்கம் போகும்போது பின்னேர வெயில் பக்கவாட்டில் கண்ணாடியில் பட்டது. ஓரம் முழுக்க மெல்லிய பசைக் கோடு. பழைய டின்ட் தாளை உரித்தால் விளிம்பில் மிஞ்சுமே, அதே கோடுதான். அது போதாதென்று மேலிருந்து கீழாக நூல் போல நேரான கீறல்கள், வருடக்கணக்காக ஏறி இறங்கிய கண்ணாடியில் மண் உரசி விழுகிறவை. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கண்ணாடிக்கு எங்கிருந்து பழைய டின்ட் பசை? கண்ணாடியை ஏற்றினேன். ‘டக்.’

இனி அந்தக் கராஜ் வேண்டாம் என்று கிண்ணியாவில் வாகனக் கண்ணாடி வேலை மட்டும் செய்யும் ஒரு நானாவிடம் போனோம். வயதானவர், மெதுவாகத்தான் பேசுவார். வெயில் கதையைச் சொன்னதும், “வெயிலுக்கு உடையிறதெண்டா திருமலையில ஒரு காருக்கும் கண்ணாடி மிஞ்சாது மகள்” என்றார். பழைய கண்ணாடி எங்கே என்று கேட்டார். கராஜ் பொடியன் அதை டின்ட் தாளோடு சுருட்டி அரிசிப் பைக்குள் போட்டு டிக்கியில் வைத்திருந்தான், அது அப்படியே கிடந்தது. நானா அதை எடுத்துச் சீமெந்துத் தரையில் பாய் விரிப்பது போல மெதுவாக விரித்தார்.

வெடித்த கண்ணாடியில் வெடிப்புக் கோடுகள் கண்டபாட்டுக்கு ஓடுவதில்லை. எங்கே உடையத் தொடங்கியதோ அங்கிருந்து விசிறி போலப் பிரிந்து போகும். சாதாரணமாகத் துகள் எல்லாம் கொட்டிப்போவதால் இதைப் பார்க்க முடியாது. என் காரில் டின்ட் தாள் பிடித்து வைத்திருந்ததால் கோடுகள் அப்படியே இருந்தன. நடுவிலிருந்து ஒன்றும் கிளம்பவில்லை. எல்லாம் கீழ் விளிம்பில் ஒரு மூலையை நோக்கிக் கூடின. நானா அந்த மூலையைக் காட்டிவிட்டுக் கதவு அட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

உள்ளே பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் விஷயம். இந்த மாதிரிக் கார்களில் கண்ணாடியின் அடியில் ஓட்டை இருக்கும், மெஷினின் கைகளோடு அந்த ஓட்டை வழியாகத்தான் போல்ட் போட்டு இறுக்குவார்கள் (வேறு சில கார்களில் கிளிப், சிலவற்றில் ஒட்டிய பிடி). போல்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கத்தான் வேண்டும், இரும்பு கண்ணாடியில் படவே கூடாது. என் கதவில் பின்பக்கப் போல்டில் புஷ் இருந்தது. முன்பக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு இரும்பு வொஷரைப் போட்டு நெருக்கியிருந்தார்கள். ‘டக்’ என்று கேட்டது, கண்ணாடி உச்சிக்குப் போய் நிற்கும்போது அந்த ஓட்டையின் விளிம்பு போல்டில் இடிக்கும் சத்தம். அவர்கள் புதிது என்று மாட்டிய இரண்டாவது கண்ணாடியிலும் அந்த ஓட்டையைச் சுற்றி ஏற்கெனவே மாவு போல வெள்ளையாக அரைபட்டிருந்தது. நானா விரலால் தொட்டுக் காட்டினார். இதுவும் கொஞ்ச நாளில் போயிருக்கும் என்றார்.

பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடி வாசித்தேன். கதவுக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்ட் கண்ணாடி. 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக ஊதித் திடீரென்று குளிர வைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பிந்திச் சுருங்கும். அதனால் வெளியே அமுக்கமும் உள்ளே இழுவையும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதுதான் அதன் பலம், சாதாரண கண்ணாடியை விட நான்கு ஐந்து மடங்கு. ஆனால் விளிம்பில் விழும் ஒரு சின்னக் கொத்துக் காயம் அந்த மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கண்ணாடி முழுதும் ஒரே நொடியில் துகளாகிவிடும். கொத்து விழுந்த அன்றே உடைய வேண்டும் என்றில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, ஒரு நாள் சூட்டிலோ கதவை அடிக்கும் அதிர்விலோ, அல்லது யாருமே தொடாமல் நிற்கும்போதோ வெடிக்கும். முன் கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்தது. அது கீறும், ஆனால் இப்படிக் கொட்டாது.

சரி, வெயில்? டெம்பர்ட் கண்ணாடி கிட்டத்தட்ட 200 பாகை வெப்ப வித்தியாசத்தைத் தாங்கும். கச்சான் காலத்தில் பூட்டிய காருக்குள் 60, 70 பாகை வரலாம், கை வைக்க முடியாதுதான், ஆனால் நல்ல கண்ணாடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே காயப்பட்ட கண்ணாடிக்கு மட்டும்தான் வெயில் கடைசித் தள்ளு.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். யாரும் தப்புச் செய்யாமலே கண்ணாடி வெடிப்பதும் உண்டு. தயாரிக்கும்போது நிக்கல் சல்பைட் என்ற நுண்ணிய துணுக்கு உள்ளே அகப்பட்டுவிட்டால், அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உருமாறிப் பருத்து ஒருநாள் கண்ணாடியை உடைக்கும். ஆனால் இது பெரிய கட்டடங்களின் தடித்த கண்ணாடிகளில்தான் அதிகம் பேசப்படுகிறது, காரின் மெல்லிய கதவுக் கண்ணாடியில் அரிது. அப்படி உடைந்தால் தொடங்கிய இடத்தில் வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகு போலக் கொஞ்சம் பெரிய துண்டுகள் இரண்டு சேர்ந்திருக்கும். என்னுடையதில் அதைத் தேடினோம், இல்லை. பொருத்தும்போது நடக்கும் காயம் பெரிய தொழிற்சாலைகளையே விட்டதில்லை. 2012 இல் ஹியூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் வெலோஸ்டர் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், கூரைக் கண்ணாடி தொழிற்சாலையில் பொருத்தும்போது பலவீனப்பட்டுப் பின்னர் வெடிக்கலாம் என்பதுதான். ஆனால் அங்கே சொல்லித் திரும்ப அழைத்தார்கள். இங்கே வெயில் மேல் பழியைப் போட்டு இரண்டாம் தரம் பணம் வாங்கினார்கள். எனக்குக் கோபம் அந்த வொஷர் மேல் கூட இல்லை, இந்த இரண்டாவது பில் மேல்தான்.

கராஜுக்குத் திரும்பப் போனேன், கணவர் இல்லாமல். முதலாளியிடம் படங்களைக் காட்டினேன். முதலில் கிண்ணியாக்காரர்தான் புஷ்ஷைக் கழற்றியிருப்பார் என்றார். கதவு அட்டையைக் கழற்றும் முன்பிருந்தே நான் வீடியோ எடுத்ததைக் காட்டியதும், கண்ணாடி புதிது என்று தான் சொல்லவே இல்லை என்றார். பில்லைக் காட்டினேன். “பொடியன் எழுதியிருப்பான்” என்றார். கையெழுத்து அவருடையது.

பிறகு 1977 க்கு எடுத்தேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டைப் பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தைக் கவனியுங்கள், ‘நாளைக்கு வாங்கோ, அடுத்த கிழமை பார்ப்பம்’ என்று இழுத்தடிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். நான் இரண்டு பில்களின் பிரதி, படங்கள், நானா எழுதித் தந்த குறிப்பு எல்லாம் இணைத்து அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி வெடித்த அன்று காப்புறுதிக்காரருக்கும் அறிவித்தேன். அவர்களின் ஆள் வந்து காரை நின்ற இடத்திலேயே படம் எடுத்துப் போனார். கிளெய்ம் போடாமல் இருப்பதற்குக் கிடைக்கும் போனஸ் போய்விடும் என்று கணக்குப் பார்த்து நான் கிளெய்ம் போடவில்லை, ஆனால் திகதியோடு உள்ள அந்தப் படங்கள் இப்போது எனக்குச் சாட்சி. வண்டியை நகர்த்த முதல் அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள்.

கண்ணாடி மாற்றுகிறவர்கள் மூலையில் உள்ள சின்ன எழுத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் மற்றக் கண்ணாடிகளோடு வேறுபட்டால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது, நல்ல கம்பனிகள் பல உண்டு. பாவித்த கண்ணாடி வாங்குவதிலும் தவறில்லை, நானாவே எனக்கு அப்படி ஒன்றைத்தான் பாவித்தது என்று சொல்லி, 38,000 இன் பாதிக்கும் குறைவான விலைக்குப் புது புஷ்ஷோடு போட்டுத் தந்தார். பாவித்ததைப் புதிது என்று விற்பதுதான் களவு.

கராஜ் முதலாளி பொதுவான ஒருவர் மூலம் 15,000 ரூபா தருகிறேன், முறைப்பாட்டை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கேட்டனுப்பினார். “எத்தின கார் செய்திருக்கிறம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல” என்றும் சொன்னாராம். கதவைக் கழற்றிப் பார்த்தவர்கள்தானே சொல்வார்கள். முழுத் தொகையையும் எழுத்தில் தரட்டும் என்று பதில் அனுப்பிவிட்டேன், விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. இதற்கிடையில் எங்கே ஷட்டர் வேலை செய்திருந்தாலும், கண்ணாடியைப் பாதி இறக்கி இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கடகட என்று ஆடினாலோ, ஏறி முடியும்போது இரும்பில் இடிக்கும் சத்தம் கேட்டாலோ, உங்கள் கண் முன்னால் கதவு அட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு போல்டிலும் புஷ் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.