சேர் அம்பயரா, ரெஃப்ரியா?

டென்னிஸ் நடுவராக விரும்புகிறவர் முதலில் இதை யோசிக்க வேண்டும். சேர் அம்பயர் உயர நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை நடத்துபவர்; ரெஃப்ரி போட்டித் தொடர் முழுவதற்கும் பொறுப்பானவர். பந்து இரண்டு முறை எகிறியதா, ஆட்டக்காரர் வலையைத் தொட்டாரா போன்றவற்றில் சேர் அம்பயர் சொல்வதே முடிவு. விதிக்கு என்ன பொருள் என்று தகராறு வந்தால் மட்டும் ரெஃப்ரியைக் கூப்பிடலாம். அப்புறம் அப்பீல் கிடையாது.

நடுவரின் தகுதிப் படியைக் காட்டும் பேட்ஜிலும் வித்தியாசம் உண்டு. சேர் அம்பயர் வெண்கலம், வெள்ளி, தங்கம் என ஏற வேண்டும். ரெஃப்ரிக்கு வெண்கலமே இல்லை. படி குறைவுதான், ஆனால் மழை, அட்டவணை, கடைசி நேர விலகல் எல்லாம் அவர் தலையில்!

முன்பு, பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்று பார்க்கும் கோட்டு நடுவராக நின்று பழகித்தான் பலர் நாற்காலி ஏறினார்கள். 2025 முதல் விம்பிள்டனில்கூட அந்த வேலையைச் செய்வது கருவிதான்; அதனால் அந்த வழி குறுகிவிட்டது. விதிப்புத்தகம் பிடிக்கும் என்றால், என் ஓட்டு ரெஃப்ரிக்கே.