ஒரே நோய், இரண்டு படுக்கைகள்

நாட்பட்ட சோர்வு நோய் லேசாக உள்ளவர் வேலைக்குப் போகிறார். சனி, ஞாயிறு முழுவதும் படுத்துக் கிடந்தால்தான் திங்களன்று எழ முடிகிறது. பார்ப்பவர்களுக்கு அவர் நலமாகவே தெரிவதால், ‘சோம்பேறி’ என்ற பழியும் சேர்கிறது. இது பெரிய கொடுமை.

கடுமையாக உள்ளவருக்குப் பல் துலக்குவதே பெரும்பாடு. சன்னல் வெளிச்சமும் பாத்திரம் உருளும் ஓசையும்கூடத் தாங்காது. சிலருக்குக் குழாய் வழியேதான் உணவு. நோயாளிகளில் கால்வாசிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டிலோ படுக்கையிலோ முடங்குவதாக அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் 2015 அறிக்கை சொல்கிறது.

சக்திக்கு மீறினால், பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து உடல் சாய்வது இருவருக்கும் பொது. எல்லைதான் வேறு: ஒருவருக்கு ஒரு மணி நேர நடை, மற்றவருக்கு ஐந்து நிமிடப் பேச்சு. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இருவருக்குமே தரக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் அறிவித்தது.