கண்ணாடி வேண்டுமா, சேனல் வேண்டுமா? பழைய கார்க் கண்ணாடியைப் பிரிக்கும் நான்கு வழிகள்

பழைய காரின் கதவிலிருந்து கண்ணாடியை வெளியே எடுப்பது ஒரு மணி நேர வேலை. அதன் அடி விளிம்பைப் பிடித்திருக்கும் பள்ளமான இரும்புப் பட்டையிலிருந்து, அதாவது சேனலிலிருந்து, அதைப் பிரித்தெடுப்பது சில சமயம் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். கண்ணாடிக்கும் சேனலுக்கும் நடுவில் திணித்த ரப்பர் பட்டை பல பத்தாண்டுகளில் கல்லாகியிருக்கும். கதவுக்குள் வழியும் மழைத்தண்ணீரில் சேனல் துருப்பிடித்திருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால் சேனல் கண்ணாடியைக் கவ்விக்கொள்கிறது.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், இரண்டில் எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அதற்குக் கண்ணாடியின் ஜாதகம் தெரிய வேண்டும். விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள்: நடுவில் மெல்லிய கோடு ஓடினால் லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்க்கும்போது நிழல்போல் புள்ளிகளோ பட்டைகளோ தெரிந்தால் டெம்பர்ட், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய கண்ணாடி. தட்டையான லேமினேட்டட் என்றால் பழையதை அச்சாக வைத்து, கண்ணாடி வெட்டுபவர் புதிது வெட்டித் தருவார். டெம்பர்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. அந்த அளவிலேயே செய்தது கிடைக்க வேண்டும். வளைந்த கண்ணாடி என்றால் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுங்கள்.

என் ஓட்டு எண்ணெய்க்குத்தான். துருவை இளக்கும் எண்ணெயைச் சேனலின் இரு பக்கமும் விட்டு, சேனல் கீழே இருக்கும்படி நிறுத்தி, இரண்டு மூன்று நாள் மறந்துவிடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றினால் போதும். பிறகு கண்ணாடியைப் பழைய கம்பளியில் படுக்கவைத்து, மரக்கட்டையைச் சேனலின் உதட்டில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். இந்த முனையில் இரண்டு தட்டு, அந்த முனையில் இரண்டு தட்டு. ஒரே முனையில் தட்டினால் சேனல் கோணி, கண்ணாடியின் மூலையை நெம்பும். அப்படித்தான் நான் ஒரு டெம்பர்ட் கண்ணாடியை இழந்தேன். அவசரப்பட்டு மூலையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினேன். ஒரு நொடியில் மடி நிறையக் கற்கண்டு. டெம்பர்ட் கண்ணாடியின் நடுப்பரப்பு முரட்டு அடியையும் தாங்கும், விளிம்பு தாங்காது. லேமினேட்டடுக்கு எண்ணெயைச் சிக்கனமாக விடுங்கள். தின்னர் போன்றவை பக்கமே வேண்டாம். அவை நடுப் படலத்துக்குள் ஊறினால் விளிம்பு பால்போல் வெளுத்துப் பிரியத் தொடங்கும்.

சூடு வேகமானது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைச் சேனலின் நீளம் முழுக்க ஓட்டிக்கொண்டே இருந்தால் ரப்பர் இளகும், சில நிமிடங்களில் சேனல் அசையும். ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டால் லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விடும். சூடான இடத்துக்கும் பக்கத்துக்கும் 40 டிகிரி வித்தியாசமே அதற்கு ஆபத்து. டெம்பர்ட் இதில் பலசாலி, 200 டிகிரி வரை தாங்கும். முன்பக்க முக்கோணக் கண்ணாடிக்குச் சூடு காட்டுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அதன் குரோம் பிரேம் சில கார்களில் துத்தநாக வார்ப்பு. 390 டிகிரிக்குள் உருகிவிடும். ஹீட் கன் அதையும் தாண்டிப் போகும். மூலைகளை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தால் அது இன்னும் முன்னதாகவே, 200 டிகிரிக்குள் கழன்றுவிடும். காஸ் டார்ச் எடுப்பவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. முக்கோணக் கண்ணாடியில் முதலில் தேட வேண்டியது திருகு. பல பிரேம்கள் ஒரு மூலையில் திருகினால் சேர்க்கப்பட்டவை. அதைக் கழற்றி லேசாக விரித்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, அறுப்பது. மெல்லிய ஹேக்ஸா பிளேடை ரப்பருக்குள் செலுத்தி, கண்ணாடியின் இரு பக்கமும் அறுத்து வருவது. ரப்பர் தடிமனாக இருந்தால் அருமையான வழி. துரு ஏறிய சேனலில் பிளேடு நுழையவே இடமிருக்காது, நுழைந்தாலும் கண்ணாடியில் கீறல் விழும். அடிப்பகுதி கதவுக்குள் மறைவதால் கீறல் வெளியே தெரியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் விளிம்புக் கீறலிலிருந்துதான் பின்னாளில் விரிசல் கிளம்பும்.

கடைசி வழி உடைப்பது. கண்ணாடி தட்டையானது, ஏற்கெனவே மஞ்சள் பூத்தது, சேனலுக்கோ மாற்று கிடைக்காது என்றால் தயங்காதீர்கள். உடைக்கும் முன் காகிதத்தில் வைத்து உருவம் வரைந்துகொள்ளுங்கள். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கண்ணுக்கு மறைப்பும் கைக்கு உறையும் போட்டு உடையுங்கள். சேனலுக்குள் சிக்கிய துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

நான்கில் எதைத் தேர்ந்தாலும், தொடங்குமுன் கண்ணாடியின் முன் ஓரத்திலிருந்து சேனல் எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் உருளை ஓடுவது அந்தச் சேனலில்தான். திரும்பப் பொருத்தும்போது கொஞ்சம் இடம் மாறினாலும் கண்ணாடி சாய்ந்து ஏறி, பாதி வழியில் இறுகி நின்றுவிடும்.