க்ளினிக்கல் போஸ்டிங்கில் சொந்த போன்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

நர்ஸிங் படிப்பில் க்ளினிக்கல் போஸ்டிங் என்றால் ஆஸ்பத்திரி வார்டில் நேரடியாக வேலை பழகுவது. முதல் வருடம் வார்டுக்குள் போனே கூடாது என்பது எங்கள் விதி. இரண்டாம் வருடத்திலிருந்து, வார்டு இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு சைலண்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போதிலிருந்து படிப்பு முடியும்வரை மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தைகள் வார்டு, ஐசியூ என்று எல்லாப் போஸ்டிங்கிலும் ஒரே போன்தான் என் பாக்கெட்டில் இருந்தது.

அதிகம் உதவியது மருந்துகளைப் பார்க்கத்தான். நான் வைத்திருந்தது மெட்ஸ்கேப், மருந்து விவரங்கள் பார்க்கும் ஆப். நெட்வொர்க் கிடைக்காத வார்டில் திண்டாட வேண்டாம் என்று மருந்துத் தகவலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டேன். டிகாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெத் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தித் தெரிவிக்க வேண்டும். இதை வகுப்பில் எத்தனை முறை படித்தாலும், கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன் நர்ஸிங் ஸ்டேஷனில் நின்று மறுபடி பார்க்கும்போதுதான் கை பதறாமல் இருக்கும்.

ஆனால் தேடும் பெட்டியை நம்பக்கூடாது. ஒரு முறை சார்ட்டில் இருந்தது ஹைட்ராலசின், முதல் நான்கு எழுத்து தட்டியதும் கீழே வந்த பெயரைத் தொட்டு நான் படித்து முடித்தது ஹைட்ராக்ஸிசின். ஒன்று பிரஷருக்கு, மற்றது அரிப்பு, அலர்ஜிக்கு. பிரஷர் நோயாளிக்கு எதற்கு இதை எழுதியிருக்கிறார்கள் என்று யோசித்த பிறகுதான் பெயரைத் திரும்பப் பார்த்தேன். அதிலிருந்து, படிக்கும் முன் சார்ட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன்.

அதைவிடப் பெரிய பயம் ட்ரிப்ஸ் கணக்கில் வந்தது. 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஆப்பில் அளவையும் நேரத்தையும் போட்டேன், நிமிடத்துக்கு 125 சொட்டு என்று வந்தது. ரெகுலேட்டரில் கை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் "எத்தனை சொட்டு?" என்று கேட்டார், சொன்னதும் "செட் கவரை எடுத்துப் பார்" என்றார், ட்ரிப்ஸ் ஏற்றும் குழாய் வரும் கவரைச் சொன்னார். கவரில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று இருந்தது. ஆப்பில் இருந்ததோ 60, போன வாரம் குழந்தைகள் வார்டில் சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டுக்கு நான் போட்டது, மாற்றாமல் அப்படியே நின்றிருக்கிறது. சரியான கணக்கு 42 சொட்டு. 125ல் விட்டிருந்தால் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டியது 80 நிமிடத்தில் ஏறியிருக்கும், அதுவும் இதயம் பலவீனமான ஒரு பாட்டிக்கு. ஆப் மேல் தப்பில்லை, நான் கொடுத்ததை அது கணக்குப் போட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் முதலில் தாளில் போடுவேன், பிறகுதான் போனில் சரிபார்ப்பேன். ஜூனியர்கள் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன்.

கேமராவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, வார்டில் திறக்காதீர்கள். கேர் பிளான், அதாவது நோயாளியைப் பராமரிக்கும் திட்டம், எழுத உதவும் என்று என் தோழி ஒருத்தி கேஸ் ஷீட்டைப் படம் எடுத்தாள். பெயரை விரலால் மறைத்துத்தான் எடுத்தாள், ஆனால் படுக்கை எண்ணும் தேதியும் நோயும் தெளிவாகத் தெரிந்தன. படம் தானாகவே கிளவுடுக்குப் போய், அன்று மாலை அவள் வீட்டு டேப்லெட்டில் வந்து நின்றது. போனில் அழித்ததும் போய்விட்டது என்று நினைத்திருந்தாள். வேண்டியதைக் கையால் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் கூட ஆகாது.

சுத்தம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கை கழுவ வேண்டிய 5 தருணங்களில் கடைசியானது, நோயாளியைச் சுற்றி இருப்பதைத் தொட்ட பிறகு. கட்டில் கம்பியைத் தொட்ட கையோடு போனை எடுத்தால், பிறகு கையைக் கழுவினாலும் கிருமி போனில் இருக்கும், அடுத்த முறை எடுக்கும்போது கைக்கே திரும்பி வரும். துணி, தோல் கவர்களைக் கழற்றிவிட்டு வழவழப்பான கவர் மாட்டினேன், டியூட்டி முடிந்ததும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வைப்ஸ் (துடைக்கும் டிஷ்யூ) கொண்டு கவரைக் கழற்றி உள்ளும் புறமும் துடைப்பேன். மூன்று வருடத்தில் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐசொலேஷன் அறைக்குள் மட்டும் கொண்டுபோனதே இல்லை, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சி டிஃபிசில் மாதிரியான கிருமியின் ஸ்போர்கள் (கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாகாது. மூச்சு எண்ணவும் போன் வேண்டாம், யூனிஃபார்மில் குத்தும் வாட்ச் போதும்.

நோயாளி முன் போனை எடுப்பதுதான் எனக்குக் கடைசிவரை கூச்சமாக இருந்தது. ஒரு அம்மா வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், நான் திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்காகத்தான் மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அவருக்கு எப்படித் தெரியும்? அதிலிருந்து எல்லாவற்றையும் ஸ்டேஷனிலேயே பார்த்துவிட்டுப் போவேன். படுக்கை அருகில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், "உங்க மாத்திரையப் பத்திப் பார்க்கிறேன்" என்று சொல்லித் திரையை அவர் பக்கம் திருப்புவேன்.

அப்படித் திருப்பியபோது ஒரு பெரியவர் "எழுத்தைப் பெருசாக்கும்மா" என்றார். அவருக்குப் புதிதாக ஆரம்பித்த பிரஷர் மருந்து பிராசோசின். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம் என்ற வரியை நான் வாசித்ததும், "ரெண்டு நாளா பாத்ரூம் போறப்ப அப்படித்தான் இருக்கு, வயசானா வர்றதுன்னு விட்டுட்டேன்" என்றார். ஸ்டாஃபிடம் சொல்லி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்த்தோம். நின்றபோது மேல் அளவு 20 புள்ளிக்கும் அதிகமாக இறங்கியிருந்தது. டாக்டர் வரும்வரை தனியாக எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி, அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.