வளர்ச்சிக்கோட்டுச் செயலியுடன் நான்கு ஆண்டுகள்

என் மகள் 35ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிறப்பு எடை 2.1 கிலோ. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரமே, குழந்தையின் எடை, உயரம், தடுப்பூசி, காய்ச்சல் ஆகியவற்றைப் பதிந்துகொள்ளும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். இப்போது அவளுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. செயலியின் பெயர் இங்கே தேவையில்லை. இத்தனை ஆண்டுகளில் அது எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாம் மாதம் முடிந்தபோது அவள் 4.4 கிலோ இருந்தாள். அந்த எண்ணைப் பதிந்ததும், செயலியின் வளர்ச்சி வரைபடத்தில் அவளுக்கான புள்ளி சிவப்பு எச்சரிக்கைக் கோட்டுக்கு அடியில் போய் விழுந்தது. மூன்று மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 5.8 கிலோ, எச்சரிக்கைக் கோடு 4.5 கிலோ. தாய்ப்பால் போதவில்லையோ என்று அத்தையும் நானும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் குழந்தை மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “டெலிவரிக்கு முதல்ல குறிச்சுக் குடுத்த தேதி எதும்மா?” நான் செயலிக்குக் கொடுத்திருந்தது பிறந்த தேதியை மட்டுமே. ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு, எடையையும் உயரத்தையும் பார்க்கும்போது, இரண்டு வயது வரை அந்த ஐந்து வாரத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விளக்கினார். அமைப்புகள் பக்கத்தின் அடியில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பியதும், அதே 4.4 கிலோ எட்டு வாரக் குழந்தைக்குரிய இடத்துக்கு நகர்ந்து, கோடுகளுக்குள் வந்து நின்றது. தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது; அதற்குப் பிறந்த நாளிலிருந்தே கணக்கு. இவ்வளவு முக்கியமான கேள்வியைப் பதிவு செய்யும் முதல் திரையிலேயே கேட்காதது எந்த வகை வடிவமைப்பு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதன் பிறகுதான் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். “அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு, நம்ம பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?” என்று நாத்தனார் கேட்டதும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இந்த அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள். ஆகவே நம் பிள்ளைகள் இயல்பிலேயே சிறியவர்கள் என்ற சமாதானத்துக்கு, முதல் ஐந்து வயதில், அதிக இடமில்லை.

சதமானம் என்ற சொல்தான் எங்கள் வீட்டில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. ஒரு வயதில் அவள் 15ஆவது சதமானத்தில் இருப்பதாகத் திரை காட்டியபோது, என் கணவர் அதைத் தேர்வு மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொண்டார். அதே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடையின் வரிசையில் நிறுத்தினால், இவளுக்கு முன்னால் ஏறக்குறைய பதினைந்து பேர் இவளைவிடக் குறைவான எடையுடன் நிற்பார்கள் என்பதே அதன் பொருள். தேறினாள், தவறினாள் என்பதற்கு அங்கே இடமில்லை. மருத்துவர் பார்ப்பதெல்லாம் புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிச் செல்கின்றனவா என்பதைத்தான். ஆனால் செயலியின் முகப்பில் பெரிய எழுத்தில் நிற்பது அன்றைய ஒற்றை எண். அதைப் பார்த்துப் பார்த்து, நான் வாரந்தோறும் அவளைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, என் எடையைக் கழித்து எழுதிக்கொண்டிருந்தேன். பால் குடித்த பின்னும் சிறுநீர் கழித்த பின்னும் நூறு, இருநூறு கிராம் மாறுவது இயல்பு என்று தெரிந்த பிறகு, மாதம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் என்று மாற்றிக்கொண்டேன். உயரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: இரண்டு வயது வரையிலான கோடுகள் படுக்க வைத்து அளந்த நீளத்துக்கானவை. நிற்க வைத்து அளந்தால் 0.7 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். செயலி இதைக் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

மிகவும் அஞ்ச வேண்டிய பகுதி மருந்துக் கணக்கு. ஒருநாள் நள்ளிரவில் காய்ச்சல் 102ஐத் தொட்டது. அப்போது எடை 8 கிலோ. மருத்துவர் எழுதித் தந்திருந்தபடி கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் தேவை, செயலி 4.8 மில்லி என்று காட்டியது. அது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்புக்குரிய அளவு. வீட்டிலிருந்ததோ 5 மில்லியில் 250 மில்லிகிராம் கொண்ட பாட்டில். ஊற்றியிருந்தால் இருமடங்கு போயிருக்கும். சொட்டு மருந்தாக இருந்தால் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். அன்றிலிருந்து பாட்டிலை வாங்கியவுடன் அதன் வீரியத்தை மூடியில் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுகிறேன். செயலியின் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

இதற்கு நேர்மாறாக, யாரும் பெரிதாகப் பேசாத மூச்சு எண்ணும் வசதி உண்மையிலேயே பயன்பட்டது. குழந்தையின் வயிறு ஏறும்போதெல்லாம் திரையைத் தட்டினால், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று காட்டும். ஒரு வயதுக்கு மேல், அமைதியாக இருக்கும்போது 40ஐத் தொட்டால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அந்த எல்லை 50. பதினான்காம் மாதத்தில் சளி கட்டியிருந்தபோது, அவள் தூங்கும் நேரத்தில் இருமுறை எண்ணி 46 வந்ததால், காலை வரை காத்திருக்காமல் கிளம்பினோம். “மூச்சு வாங்குது டாக்டர்” என்று சொல்வதற்கும் “தூக்கத்தில் 46” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் கண்டேன்.

தடுப்பூசிப் பகுதி அமெரிக்க அட்டவணையைப் பின்பற்றுகிறது. நம் அரசு அட்டவணைப்படி ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிட்டோம். செயலியோ பன்னிரண்டாம் மாதம் அதே நோய்களுக்கான ஊசி போடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தாய் சேய் நல அட்டையைத்தான் நம்பினேன். நல்லவேளையாக நம்பினேன், ஏனெனில் மூன்றாம் ஆண்டில் கைப்பேசி தண்ணீரில் விழுந்து, எட்டு மாதப் பதிவுகள் போய்விட்டன. அட்டையைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றினேன்.

அடுத்து வரவேண்டியது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகியவற்றுக்கான டிபிடி ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை. நான்கு வயது பிறந்த நாளிலிருந்தே செயலி அதற்கு மணியடித்துக்கொண்டிருக்கிறது. அட்டையில் செவிலியர் பென்சிலால் குறித்துத் தந்திருப்பது, ஐந்தாவது பிறந்தநாள் கழிந்து வரும் முதல் புதன்கிழமை.